ஸ்பேம் மெயில் முறைப்பாடு: யாருக்கு, எந்த வரியோடு

ஸ்பேம் தொல்லை தாங்காமல் எஸ்எல்டியின் 1212 க்கோ டயலொக்கின் 1777 க்கோ, அதாவது வாடிக்கையாளர் உதவி இலக்கத்துக்கு, கோல் எடுப்பவர்கள் கொழும்பில் இன்னமும் இருக்கிறார்கள். மறுமுனையில் இருப்பவர் பொறுமையாகக் கேட்பார். ஆனால் அவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. வீட்டு ஃபைபர் இணைப்பு எஸ்எல்டியாக இருக்கலாம், போன் டயலொக்காக இருக்கலாம். மெயில் வந்து விழுந்தது ஜிமெயிலில், அதை அனுப்பியது எங்கோ ஜெர்மனியிலோ சிங்கப்பூரிலோ வாடகைக்கு எடுத்த ஒரு சேர்வர். முறைப்பாடு போகவேண்டிய இடம், அந்தச் சேர்வருக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் நிறுவனம். அங்கே இதற்கென்றே ஒரு மேசை இருக்கும், ‘அபியூஸ் டெஸ்க்’ என்று பெயர். அந்த மேசையில் இருப்பவருக்கு உங்கள் கோபம் தேவையில்லை. ஒரு ஐபி இலக்கம் (இணையத்தில் ஒரு சேர்வரின் முகவரி இலக்கம்), ஒரு நேரம், மெயிலின் முழு மூலம் (திரையில் காட்டாத வரிகளும் சேர்ந்த முழு எழுத்து), இவ்வளவும்தான் தேவை.

‘ரிப்போர்ட் ஸ்பேம்’ பொத்தானை அமத்தினால் போதாதா என்று கேட்பார்கள். உங்கள் பெட்டியைச் சுத்தமாக வைத்திருக்க அது போதும், அமத்தவும் வேண்டும். ஆனால் பொத்தானுக்குப் பின்னால் நடப்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. யாஹூவும் மைக்ரோசொஃப்டும், தங்களிடம் பதிந்துகொண்ட அனுப்புநர்களுக்கும் வழங்குநர்களுக்கும் ஒவ்வொரு முறைப்பாட்டின் பிரதியையும் அனுப்பிவைக்கும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. கூகுள் தனித்தனியாக அனுப்புவதில்லை. பெருமளவில் அனுப்புபவர்களுக்குக் கூட்டுக் கணக்கை மட்டும் காட்டும். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களின் ஸ்பேம் வீதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்ற விதி இருப்பதால், ஒழுங்கான நிறுவனங்களுக்கு அந்தப் பொத்தான் வலிக்கும். ஒழுங்கற்றவர்களுக்கு வலிக்காது. அவர்களைத் தொட வேண்டுமென்றால் இணைப்புக் கொடுப்பவரிடம்தான் போகவேண்டும்.

தலைப்பகுதியை எடுப்பது

தலைப்பகுதி என்பது மூலத்தின் மேலே, மெயில் வந்த வழியைக் குறித்து வைத்திருக்கும் வரிகள். திரையில் தெரியும் அனுப்பியவர் பெயரையும் முகவரியையும் மறந்துவிடுங்கள். அந்த வரியை அனுப்புபவர் தன் விருப்பப்படி எழுதலாம். 1982 இல் மின்னஞ்சலின் அடிப்படை விதிகளை எழுதியபோது அதைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் வைக்கவில்லை. சிலவேளை உங்கள் சொந்த முகவரியிலிருந்தே உங்களுக்கு மிரட்டல் வரும். கணக்கு உடைந்துவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. பெயரைக் களவாகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணினியில் ஜிமெயில் பார்த்தால், மெயிலின் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அமத்தி ‘ஷோ ஒரிஜினல்’. புதுத் தாவலில் முழு மூலமும் திறக்கும். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று அனுப்புநர் சோதனைகளின் முடிவுகள் ஒரு சிறு அட்டவணையாக இருக்கும். அங்கேயே ‘கொப்பி டு கிளிப்போர்ட்’ உண்டு. யாஹூவில் ‘வியூ ரோ மெசேஜ்’. அவுட்லுக் வெப்பில் மூன்று புள்ளி, பிறகு ‘வியூ’, பிறகு ‘வியூ மெசேஜ் சோர்ஸ்’. மேசைக் கணினியில் நிறுவிய பழைய அவுட்லுக் என்றால் மெயிலைத் தனி விண்டோவில் திறந்து ‘ஃபைல்’, ‘புரொப்பர்டீஸ்’. கீழே ‘இன்டர்நெட் ஹெடர்ஸ்’ என்று ஒரு சின்னஞ்சிறு பெட்டி. அதற்குள் கிளிக் செய்து கண்ட்ரோல்-ஏ, கண்ட்ரோல்-சி. தண்டர்பேர்டில் கண்ட்ரோல்-யு போதும். ஜிமெயிலின் போன் செயலியில் இந்த வசதி இல்லை. போனில் வந்ததைக் கணினியில் திறந்து எடுப்பதுதான் வழி.

சாதாரணமாக ‘ஃபோர்வர்ட்’ செய்தால் இந்தத் தலைப்பகுதி முழுதும் போய்விடும். போய்ச் சேருவது உங்கள் தலைப்பகுதி. அபியூஸ் மேசைகளுக்கு வரும் பயனற்ற முறைப்பாடுகளில் இதுவும் ஸ்கிரீன்ஷொட்டும்தான் அதிகம். படத்தில் ஐபி இலக்கம் இருப்பதில்லை. ‘ஃபோர்வர்ட் அஸ் அட்டாச்மென்ட்’ என்பதைத் தெரிந்தெடுத்தால் மூலம் சிதையாமல் போகும், அவுட்லுக்கில் கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்.

நம்பக்கூடிய ஒரே வரி

மூலத்தில் ‘ரிசீவ்ட்’ என்று தொடங்கும் வரிகள் பல இருக்கும். மெயிலைக் கைமாற்றும் ஒவ்வொரு சேர்வரும் தன் வரியை மேலே ஒட்டும். ஆகவே மேலே இருப்பது புதியது, கீழே இருப்பது பழையது. கடித உறையில் அனுப்பியவர் முகவரியை யாரும் எப்படியும் எழுதலாம், ஆனால் தபால் முத்திரை தபாலகம் குத்துவது. இங்கே முத்திரை, உங்கள் மெயில் வழங்குநரின் சேர்வர் வெளியாளிடமிருந்து மெயிலை வாங்கிய கணத்தில் எழுதிய வரி. அதற்குக் கீழே உள்ள எதுவும் பொய்யாக இருக்கலாம். வேறு யாரோ ஒருவர் மீது பழி விழட்டும் என்று போலி ‘ரிசீவ்ட்’ வரிகளை வேண்டுமென்றே செருகி அனுப்புவது பழைய தந்திரம்.

ஜிமெயிலில் மேலிருந்து வாசித்துக்கொண்டு வாருங்கள். முதலில் 2002 என்று தொடங்கும் நீண்ட இலக்கங்களோடு சில வரிகள் வரும். அவை கூகுளின் உள்வீட்டு விஷயம். பிறகு வாங்கியவர் இடத்தில் ‘எம்எக்ஸ் டொட் கூகுள் டொட் கொம்’ என்று இருக்கும் முதல் வரி. அதில் சதுர அடைப்புக்குள் இருக்கும் இலக்கம், எடுத்துக்காட்டாக 203.0.113.25, அதுதான் உங்களுக்கு வேண்டியது. அடைப்புக்கு முன்னால் இருக்கும் பெயரை அனுப்பிய சேர்வர் தானே சொல்லிக்கொண்டது. வங்கியின் பெயரைக்கூடச் சொல்லியிருக்கலாம். இலக்கத்தை அப்படி மாற்ற முடியாது, ஏனென்றால் இணைப்பு உண்மையில் அங்கிருந்துதான் வந்தது. சரிபார்க்க வேண்டுமானால் ‘ரிசீவ்ட்-எஸ்பிஎஃப்’ வரியில் ‘கிளையன்ட்-ஐபி’ என்று அதே இலக்கம் மறுபடி இருக்கும்.

பத்தில் தொடங்கும் இலக்கம், 192.168 இல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 127 இல் தொடங்குவது, இவையெல்லாம் உள்வலை இலக்கங்கள். இவற்றைப் பற்றி முறைப்பாடு செய்ய உலகில் ஆளில்லை.

கொழும்பில் அடிக்கடி நடக்கும் சிக்கல் ஒன்று. அலுவலக முகவரி கம்பனியின் சொந்த டொமைனில், அதாவது @ குறிக்குப் பின்னால் கம்பனியின் சொந்தப் பெயரோடு, இருக்கும். அதற்கு வரும் மெயில் தானாக ஜிமெயிலுக்குத் திருப்பி விடப்பட்டிருக்கும். இப்போது கூகுள் எழுதிய வரியில் இருப்பது உங்கள் சொந்த ஹோஸ்டிங் சேர்வரின் இலக்கம். அதை முறைப்பாடு செய்தால் உங்கள் கம்பனியின் மெயில்தான் நின்றுபோகும். திருப்பி விட்ட மெயிலில் ஒரு படி கீழே இறங்கி, உங்கள் ஹோஸ்டிங் சேர்வர் வெளியிலிருந்து வாங்கிய வரியை எடுக்க வேண்டும்.

நேரம்

இலக்கம் மட்டும் போதாது. ஒரே ஐபி காலையில் ஒருவரிடமும் மாலையில் இன்னொருவரிடமும் இருக்கலாம். வாடகைச் சேர்வர்கள் மணிக்கணக்கில் கைமாறும். அபியூஸ் மேசை தன் பதிவேட்டில் தேடுவது இலக்கமும் நேரமும் சேர்ந்த ஒரு புள்ளியை. ஜிமெயில் வரியில் நேரம் கலிபோர்னியா நேரமாக, -0700 என்றோ -0800 என்றோ பின்னொட்டோடு இருக்கும். புதன் 21:40 -0700 என்று இருந்தால் உலகப் பொது நேரம் வியாழன் 04:40. கொழும்பில் அது வியாழன் காலை 10:10. முறைப்பாட்டில் பொது நேரத்தை, யுடிசி என்று குறித்து எழுதுங்கள். ‘இன்று காலை பத்து மணிக்கு’ என்று எழுதினால் அது எந்த ஊர்க் காலை என்று அம்ஸ்டர்டாமில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இதே காரணத்தால் பழைய மெயிலைத் தோண்டி எடுத்து அனுப்புவதில் பயனில்லை. வந்த அன்றோ மறுநாளோ போகவேண்டும். ஸ்பேம்கொப் என்ற முறைப்பாட்டுச் சேவை இரண்டு நாளுக்கு மேற்பட்டதை ஏற்பதே இல்லை.

முகவரியைக் கண்டுபிடிப்பது

உலகின் ஐபி இலக்கங்களை ஐந்து பதிவகங்கள் பங்கிட்டு வைத்திருக்கின்றன. இலங்கை உட்பட ஆசிய-பசிபிக் பகுதிக்கு பிரிஸ்பேனில் உள்ள ஆப்னிக், வட அமெரிக்காவுக்கு ஆரின், ஐரோப்பாவுக்கும் மத்திய கிழக்குக்கும் ரைப், மற்றவை லத்தீன் அமெரிக்காவுக்கும் ஆபிரிக்காவுக்கும். எந்தப் பதிவகத்தின் இணையத்தளத்திலும் ‘ஹூஇஸ்’ என்ற, உரிமையாளரைத் தேடும் பெட்டியில் இலக்கத்தை இட்டால், அது தங்களுடையதா, வேறு பதிவகத்தினுடையதா என்று சொல்லும். ஆப்னிக்கிலும் ரைப்பிலும் பதிலின் தலையிலேயே இந்த இலக்கத்துக்கான அபியூஸ் தொடர்பு இன்னது என்று ஒரு வரி இருக்கும். ஆரினில் ‘ஓர்க்-அபியூஸ்-இமெயில்’ என்ற வரியைத் தேடுங்கள். பக்கத்தில் தொழில்நுட்பத் தொடர்பு, நிர்வாகத் தொடர்பு என்று வேறு முகவரிகளும் இருக்கும். கண்ணில் பட்டதற்கெல்லாம் அனுப்பினால் மூன்று பேரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள்.

பதிவகத்துக்கே முறைப்பாடு எழுதுபவர்களும் உண்டு. ஆப்னிக் இலக்கம் ஒதுக்கும் இடம், ஸ்பேமை விசாரிக்கும் இடமல்ல. இலக்கத்தோடு கொடுக்கப்பட்ட அபியூஸ் முகவரிக்கு அனுப்பிய மெயில் திரும்பி வந்தால் மட்டும் அவர்களுக்குச் சொல்லலாம். தொடர்பைச் சரியாக வைத்திருக்கச் சொல்வது அவர்கள் வேலை.

‘அபியூஸ்’ என்ற பெயரில் ஒரு பெட்டி ஒவ்வொரு டொமைனிலும் இருக்கவேண்டும் என்பது 1997 இலிருந்து எழுத்தில் உள்ள வழக்கம். ஆகவே வேறு வழி தெரியாவிட்டால் டொமைன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை இட்டு அனுப்பிப் பார்க்கலாம். பெரிய கிளவுட் நிறுவனங்கள் பல இப்போது மெயிலைவிடத் தங்கள் இணையப் படிவத்தையே விரும்புகின்றன. தானியங்கிப் பதிலில் படிவத்தின் இணைப்பு வந்தால் சலிக்காமல் அதிலும் நிரப்புங்கள், சில இடங்களில் அதைத்தான் ஆள் பார்ப்பார்.

முறைப்பாட்டுக் கடிதம்

ஆங்கிலத்தில், சுருக்கமாக. தலைப்பில் ஸ்பேம் என்ற சொல், ஐபி இலக்கம், யுடிசி திகதி. உள்ளே முதல் வரியில், உங்கள் வலையில் உள்ள இந்த இலக்கத்திலிருந்து இந்த நேரத்தில் நான் கேட்காத மெயில் வந்தது. இரண்டாவது வரியில் அது என்ன வகை: விளம்பரமா, வங்கி பெயரில் ஏமாற்றா, வைரஸ் இணைப்பா. அதன் கீழ் முழுத் தலைப்பகுதி, வெறும் எழுத்தாக. அதன் கீழ் மெயிலின் உடல். வழக்குப் போடுவேன், பொலிஸில் சொல்வேன் என்று எழுதத் தொடங்கினால் கடிதம் சட்டப் பிரிவுக்குப் போய் அங்கே கிடக்கும்.

வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் கட்டிய தளங்கள் உடைக்கப்பட்டு அங்கிருந்து ஸ்பேம் போவது மிகச் சாதாரணம். அப்படியான மெயிலில் ‘எக்ஸ்-பிஹெச்பி’ என்று தொடங்கும் ஒரு வரி சிலவேளை இருக்கும்; எந்த ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) அனுப்பியது என்று அது காட்டிக்கொடுக்கும். அந்த வரியை மேலே தூக்கித் தனியாகக் காட்டினால் அங்குள்ளவர் வேலை பத்து நிமிடத்தில் முடியும்.

சிலவேளை முறைப்பாடே ‘ஸ்பேம்’ என்று திரும்பி வரும். மெயிலின் உடலில் உள்ள மோசடி லிங்க்கைப் பார்த்து அவர்கள் வடிகட்டி தடுத்திருக்கும். அபத்தம்தான், ஆனால் நடக்கும். லிங்க்கில் உள்ள புள்ளியைச் சதுர அடைப்புக்குள் போட்டு உடைத்து, தலைப்பகுதியை மட்டும் வைத்து மறுபடி அனுப்புங்கள்.

உங்கள் முகவரியை மறைக்கவேண்டுமா? ஒழுங்கான வழங்குநர் என்றால் வேண்டாம். ஆனால் சிலர் முறைப்பாட்டை அப்படியே வாடிக்கையாளருக்கு, அதாவது ஸ்பேம் அனுப்பியவருக்கே, திருப்பி விடுவார்கள். பெயர் கேள்விப்படாத ஹோஸ்டிங் என்றால் உங்கள் முகவரி வரும் இடங்களில் எக்ஸ் எக்ஸ் என்று போடுங்கள். லிங்க்குகளின் வாலில் உள்ள நீண்ட எழுத்துக் கோவையிலும் உங்கள் முகவரி ஒளிந்திருக்கலாம், அதையும் வெட்டவேண்டும். மற்ற எதையும் தொடாதீர்கள். இலக்கத்தையோ நேரத்தையோ திருத்தினால் அது ஆதாரமே அல்ல.

இவ்வளவும் கையால் செய்ய நேரமில்லாதவர்களுக்கு ஸ்பேம்கொப். 1998 இல் தொடங்கியது, இப்போது சிஸ்கோவின் கையில். முழு மூலத்தையும் ஒட்டினால் சரியான வரியைத் தானே கண்டுபிடித்து, முகவரிகளைப் பட்டியலிட்டு, அனுப்பலாமா என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு அமத்தாமல் பட்டியலை வாசியுங்கள். உங்கள் கம்பனி ஹோஸ்டிங் அதில் இருக்கக்கூடும். அதைத் தவிர்க்க ‘மெயில்ஹோஸ்ட்ஸ்’ பகுதியில் உங்கள் சேர்வர்களை முன்பே பதிந்துவிடவேண்டும்.

இலக்கம் கூகுளுடையது என்றால்

இப்போது ஏமாற்று மெயில்களில் பெரும்பங்கு இலவச ஜிமெயில், அவுட்லுக் கணக்குகளிலிருந்தே வருகிறது. வீட்டு இணைப்புகளிலிருந்து நேரடியாக மெயில் அனுப்பும் 25 ஆம் இலக்கப் போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, பல வழங்குநர்கள் மூடிவிட்டார்கள், அதனால் அனுப்புபவர்கள் இடம் மாறிவிட்டார்கள். ஜிமெயில் மூலத்தில் எழுதியவரின் சொந்த ஐபி பெரும்பாலும் இருக்காது. தேடவேண்டாம். டிகிம் முடிவு ‘பாஸ்’ என்று இருந்தால் கணக்கு உண்மையானது. ஜிமெயிலின் முறைப்பாட்டுப் படிவத்திலோ, அவுட்லுக் டொமைனின் அபியூஸ் முகவரியிலோ அந்தக் கணக்கைக் காட்டிக்கொடுத்தால் போதும். எஸ்பிஎஃப், டிகிம் பாஸ் என்றால் நல்ல மெயில் என்று அர்த்தமில்லை, அந்த டொமைன்காரர் அனுமதித்த வழியாக வந்தது என்று மட்டும் அர்த்தம்.

ஏமாற்றுத் தளம் இருந்தால் அதற்குத் தனி முறைப்பாடு. மெயில் சேர்வரும் தளமும் பெரும்பாலும் வேறு வேறு நாட்டில். டொமைன் பெயரை ஹூஇஸில் பார்த்தால் அதை விற்ற பதிவாளரின் அபியூஸ் தொடர்பு கிடைக்கும்; 2024 ஏப்ரலிலிருந்து ஃபிஷிங் (ஏமாற்றி விபரம் பறிப்பது) போன்றவற்றுக்கு ஆதாரம் கிடைத்தால் பதிவாளர் நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும் என்று, டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் ஒப்பந்தம் சொல்கிறது. கூகுளின் ‘சேஃப் பிரவுசிங்’ படிவத்திலும் லிங்க்கைக் கொடுங்கள். அது ஏற்கப்பட்டால் பிரவுசர்களில் சிவப்பு எச்சரிக்கை வரும், தளம் விழுவதற்கு முன்பே ஆட்கள் தப்புவார்கள். எங்கள் பக்கம் பார்த்த முறைப்பாடுகளில் உடனடிப் பலன் தருவது இதுதான்.

இலங்கைக்குள் என்றால்

டொட் எல்கே என்று முடிவதால் சேர்வர் இலங்கையில் இருக்கிறது என்று எண்ணவேண்டாம். புறக்கோட்டைக் கடைகளின் தளங்கள் பல வெளிநாட்டுச் சேர்வரில்தான் நிற்கின்றன. ஐபியைப் பார்த்தே முடிவெடுக்கவேண்டும். ஐபி எஸ்எல்டியுடையதோ டயலொக்குடையதோ என்று ஹூஇஸ் சொன்னால், அப்போது அவர்களுடைய அபியூஸ் முகவரிக்கு எழுதலாம், வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அல்ல. மொபைல் இணைப்பில் ஒரே வெளி ஐபியைப் பல நூறு பேர் பகிர்வதால், நிமிடமும் நொடியும் வரை நேரம் தேவை. எல்கே டொமைனில் போலித் தளம் என்றால் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரிக்கும் சொல்லுங்கள்.

தபால் திணைக்களத்தின் பெயரில், பார்சல் வந்திருக்கிறது, சிறு தொகை கட்டுங்கள் என்று வரும் மெயிலும் எஸ்எம்எஸும் கார்ட் இலக்கம் பறிப்பவை. அவற்றை நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு, 101 இல், தெரிவிக்கலாம். கார்ட் விபரம் கொடுத்துவிட்டிருந்தால் வரிசை வேறு: முதலில் வங்கி, கார்டை நிறுத்துவது, பிறகு குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவு, அபியூஸ் மேசை கடைசி. இறக்குமதிக் கம்பனிகளுக்கு, வழமையான சப்ளையர் பெயரில் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வரும் மெயிலும் அப்படித்தான்.

வகுப்பு, காணி விற்பனை, டிப்ளோமா என்று உள்ளூர் விளம்பரங்கள் வேறு ரகம். அடியில் ‘அன்சப்ஸ்கிரைப்’ இருந்து, கம்பனியும் தெரிந்த கம்பனி என்றால் அதை அமத்துங்கள். அமத்தியும் வந்தால் அவர்கள் பாவிக்கும் மெயில் அனுப்பும் சேவைக்கு எழுதுங்கள். அந்தச் சேவைகள் தங்கள் ஐபியின் பெயர் கெடுவதை விரும்புவதில்லை. விளம்பரச் செய்திகளுக்குச் சம்மதம் பற்றிய ஏற்பாடு 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது. முன்பின் தெரியாத அனுப்புநரின் ‘அன்சப்ஸ்கிரைப்’ லிங்க் மட்டும் வேண்டாம். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அது.

அனுப்பிய பிறகு

வருவது பெரும்பாலும் ஒரு டிக்கெட் இலக்கம் மட்டும். வாடிக்கையாளருக்கு என்ன செய்தோம் என்று சொல்லமாட்டார்கள், தனியுரிமை. அதே ஐபியிலிருந்து மூன்று நாள் கழித்தும் வந்தால் அதே டிக்கெட்டில் புதிய மூலத்தோடு பதில் எழுதுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால், அந்த வழங்குநருக்கு இணைப்புக் கொடுக்கும் மேல் வழங்குநரைத் தேடலாம்; ஹூஇஸில் கிடைக்கும் ஏஎஸ் இலக்கத்தை (வழங்குநரின் வலையை அடையாளம் காட்டும் இலக்கம்) கொண்டு, வலைகளின் இணைப்புகளைக் காட்டும் ஹரிகேன் எலக்ட்ரிக்கின் பிஜிபி தளத்தில் பார்த்தால் மேலே யார் என்று தெரியும். ஒரு மெயிலுக்காக மேலே போகாதீர்கள். பல மெயில்கள், பல திகதிகள், பதிலில்லாத டிக்கெட்டுகள் என்று கட்டாகச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

மேலே போவது வீண் என்று நினைப்பவர்களுக்கு 2008 நவம்பர் 11. சான் ஹோசேயில் இயங்கிய மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தைப் பற்றி வொஷிங்டன் போஸ்ட் நிருபர் ஒருவர் ஆதாரங்களோடு மேல் வழங்குநர்களை அணுகினார். அவர்கள் இணைப்பை வெட்டினார்கள். உலக ஸ்பேம் அளவு ஒரே நாளில் பாதிக்கும் கீழே விழுந்தது. சில மாதங்களில் மறுபடி ஏறியதும் உண்மை.

முறைப்பாடு உங்கள் கம்பனி மீதே வரவும் கூடும். அலுவலகத்தில் சொந்த மெயில் சேர்வர் வைத்திருப்பவர்களுக்கு, வழங்குநர் ஒரு நாள் அபியூஸ் கடிதத்தைத் திருப்பி அனுப்புவார். அநேகமாக ஏதோ ஒரு கணக்கின் பாஸ்வேர்ட் இலகுவாக இருந்திருக்கும். சேர்வரை மறுதொடக்கம் செய்து பார்ப்பதில் ஒன்றும் நடக்காது. அனுப்பக் காத்திருக்கும் வரிசையைத் திறந்து எந்தக் கணக்கின் பெயரில் மெயில் குவிந்திருக்கிறது என்று பாருங்கள், அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், திறந்திருக்கும் அமர்வுகளை வெளியேற்றுங்கள், வரிசையை அழியுங்கள். பிறகுதான் ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைச் சேர்த்துவைக்கும் ஸ்பேம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களில் பெயர் நீக்கக் கேட்கவேண்டும். ஓட்டை அடைபடுமுன் கேட்டால் மறுபடி ஏறிவிடும், இரண்டாம் முறை இறங்குவது கடினம். வழங்குநருக்கு, எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு நிறுத்தினோம் என்று இரண்டு வரி பதில் அன்றே போகவேண்டும். பதில் இல்லையென்றால் அவர்கள் உங்கள் 25 ஆம் போர்ட்டை மூடுவார்கள், அதைத் திறக்க வைக்க ஒரு கிழமை அலையவேண்டி வரும்.